வழி அடைபட்டால்...



மூதூர்ப் பக்கத்துச் சகோதரி ஒருவர் நீண்ட கடிதம் ஒன்று எழுதியிருக்கிறார். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருப்பதால் விட்டுவிடுகிறேன். சென்ற மாரியில் கொழும்பில் வைத்தியரைக் காட்டிவிட்டுக் குடும்பத்தோடு வேனில் திரும்பி வரும்போது, வெள்ளத்தால் வீதி மூடப்பட்டு, பதினொரு மணித்தியாலம் நடுவழியில் நின்றிருக்கிறார்கள். கையில் எட்டு மாதக் குழந்தை. பக்கத்தில் நீரிழிவுக்கார மாமி. பால்மாவும் முடிந்தது, குடிதண்ணீரும் முடிந்தது. அஸரும் மஃரிபும் தவறிப்போயின. இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டவருக்கு ஒன்றை மட்டும் பொறுக்க முடியவில்லை.

வீதிக்கு மேலால் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்த இடத்தில் வேனை இறக்க ஆயத்தமானபோது, "வேண்டாம், திரும்புவோம்" என்று இவர் சொல்லியிருக்கிறார். "பொம்பிளைப் பேச்சைக் கேட்டு வழி நடக்கிறதா?" என்று கணவர் எல்லார் முன்னிலையிலும் ஏசிவிட்டாராம். நல்லவேளை, பொலிஸார் வந்து தடுத்துவிட்டார்கள், வேன் இறங்கவில்லை. ஆனால் அந்தச் சொல் இறங்கிவிட்டது. "தவறிய தொழுகைக்கு என்ன செய்வது? இனிமேல் எப்படி ஆயத்தமாவது? அன்றைக்கு நான் தடுத்துப் பேசியது பிழையா?" என்று மூன்று கேள்விகள் கேட்கிறார்.

மூன்றாவது கேள்வியைத்தான் முதலில் எடுக்கிறேன். அதற்குப் பதில் சொல்ல எங்கள் ஊர்க்காரனுக்கு ஒரு கடமை இருக்கிறது.

எங்கள் கிண்ணியாப் பக்கத்தில் 'பாதை' என்ற சொல்லுக்கு இரண்டு கருத்து. நடக்கிற வழியும் பாதைதான்; ஆற்றையும் களப்பையும் கடக்க ஆட்களை ஏற்றிச் செல்லும் மிதவையும் பாதைதான். நான் அரபுக் கல்லூரிக்கு ஓதப் போன 1990களில், பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வாப்பாவோடு துறையடியில் பாதைக்குக் காத்து நின்ற நாட்கள் எத்தனையோ! பாதை அக்கரையில் நின்றால் காத்திருக்க வேண்டும். காற்று பலத்தால் காத்திருக்க வேண்டும். யுத்த காலமாகையால் சோதனைச் சாவடியிலும் இறங்கி ஏறிக் காத்திருக்க வேண்டும். பிரசவ வலியோடு துறையடியில் உட்கார்ந்திருந்த பெண்களின் கதைகளை எங்கள் உம்மாமார் இன்றும் சொல்வார்கள். 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம், சவூதி அரேபியாவின் நிதியுதவியோடு திறக்கப்பட்ட பின்னர்தான் அந்தத் துறையடி வாழ்க்கை முடிவுக்கு வந்தது.

ஆனால் குறிஞ்சாக்கேணிக்கு முடியவில்லை. எங்கள் பாலத்தைப் புதிதாகக் கட்டுவதற்காக வழி அடைக்கப்பட்டது. சுற்றிப் போவதென்றால் நேரம் போகும். பாடசாலை மணி காத்திருக்காது. பழையபடி ஒரு மிதவைப் பாதை வந்தது. 2021 நவம்பர் 23, செவ்வாய்க்கிழமை காலை, பிள்ளைகள் பாடசாலைக்குப் போகும் நேரத்தில் அது கவிழ்ந்தது. அன்றே ஆறு உயிர்கள் போயின. அவர்களில் பெரும்பாலோர் பிள்ளைகள். பின்னர் அந்தத் தொகை இன்னும் கூடியது. அல்லாஹ் அவர்கள் அனைவரையும் பொருந்திக்கொள்வானாக! அன்று எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் அடுப்பு மூட்டியதாக எனக்கு ஞாபகமில்லை.

யார் மீது குற்றம் என்பதை விசாரிக்க வேண்டியவர்கள் விசாரிப்பார்கள். நான் சொல்ல வருவது வேறு. வழி அடைபட்டதால் மட்டும் அந்த உயிர்கள் போகவில்லை. வழி அடைபட்ட பிறகு, எப்படியாவது போய்ச் சேர வேண்டும் என்று நாம் தேடிக்கொள்ளும் வழி இருக்கிறதே, அதில்தான் போயின.

2024 நவம்பர் 26ல் இதையே அம்பாறை மாவட்டத்திலும் பார்த்தோம். வெள்ளத்தால் மத்ரஸாவிலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த மாணவர்கள், காரைதீவு - மாவடிப்பள்ளி வீதியில் பஸ்கள் போக முடியாத நிலையில் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறினார்கள். வீதியைக் குறுக்கறுத்துப் பாய்ந்த வெள்ளம் அதைப் புரட்டிப் போட்டது. மாணவர்கள் ஆறு பேரும், கூடப் போன பெரியவர்களும் மௌத்தானார்கள். அந்தச் செய்தியைக் கேட்ட இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நானும் மத்ரஸாவில் ஓதிக் கொடுப்பவன். மழை பலக்கும் நாட்களில், "பிள்ளைகள் உம்மா வாப்பாவிடம் போய்ச் சேரட்டும்" என்று நல்லெண்ணத்தோடு எத்தனை தடவை நான் அனுப்பி வைத்திருக்கிறேன்! எந்த வீதியால் போவார்கள், அந்த வீதி திறந்திருக்கிறதா என்று ஒரு தடவையாவது விசாரித்தேனா? இல்லை. இப்போது விசாரிக்கிறேன். வீதி மூடியிருந்தால் பிள்ளைகள் மத்ரஸாவிலேயே தங்கட்டும், கஞ்சியாவது காய்ச்சிக் கொடுப்போம் என்று சொல்கிறேன். வாப்பாமார் சிலர் கோபிக்கிறார்கள். கோபிக்கட்டும்.

மறு வருடமே, 2025 நவம்பர் கடைசியில் 'டித்வா' புயல் வந்தபோது, யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு நோக்கிச் சென்ற பஸ் ஒன்று கலாஓயாப் பகுதியில் வெள்ளத்தில் அகப்பட்டது. எழுபது பேரளவில் அதில் இருந்தார்கள். அருகிலிருந்த வீடொன்றின் கூரையில் ஏறி, கொட்டும் மழையில் இரவைக் கழித்தார்கள். கூரையின் ஒரு பகுதியும் உடைந்து விழுந்தது. ஏறத்தாழ ஒரு நாள் பாடுபட்டுக் கடற்படையினர் அவர்களைக் காப்பாற்றினார்கள். அல்ஹம்துலில்லாஹ், பிழைத்தார்கள். 

இனி என் சொந்தக் கதையைச் சொல்கிறேன். சகோதரியின் கணவரை மட்டும் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை என்பதற்காகவே சொல்கிறேன்.

2014 டிசம்பர் மழை. ஓட்டமாவடியில் என் மனைவியின் தம்பிக்கு நிக்காஹ். வேன் பிடித்து மூதூர் வழியாகப் புறப்பட்டோம். வெருகலுக்கு இப்பால் ஓரிடத்தில் வாகனங்கள் வரிசையாக நிற்கின்றன. வீதி எங்கே முடிகிறது, வயல் எங்கே தொடங்குகிறது என்று தெரியாதபடி ஒரே தண்ணீர். ஒரு லொறி மெதுவாகக் கடந்து அக்கரை ஏறிவிட்டது. எங்கள் சாரதித் தம்பி, "மௌலவி, லொறிட தடத்தப் புடிச்சிப் போனா போயிரலாம்" என்றார். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். ளுஹருக்குப் பிறகு நிக்காஹ். ஓதி வைப்பதே நான்தான்! "பிஸ்மில்லாஹ் சொல்லி இறக்குங்க தம்பி" என்று சொல்லிவிட்டேன்.

பின்னால் இருந்து என் மனைவி, "இஞ்சருங்க, பிள்ளையள இறக்கிட்டுப் போங்க" என்றார். அவ்வளவுதான். சத்தம் போடவில்லை, அழவில்லை. மூன்று பிள்ளைகளையும் கையில் பிடித்துக்கொண்டு இறங்க ஆயத்தமானார். என் உம்மாவும் ஒரு வார்த்தை பேசாமல் செருப்பைத் தேடினார். அவர்களை வீதியோரம் மழையில் விட்டுவிட்டு நான் மட்டும் போய் யாருக்கு நிக்காஹ் ஓதுவது? வேன் திரும்பியது.

எங்களுக்குப் பின்னால் நின்ற வேன் கடந்து போனது. கவிழவில்லை. அதில் போனவர்கள் சுகமாகப் போய்ச் சேர்ந்து, கலியாணச் சாப்பாடும் சாப்பிட்டார்கள். நாங்கள் இரவு வீட்டுக்கு வந்து கஞ்சி குடித்தோம். மச்சான் மூன்று மாதம் என்னோடு கதைக்கவில்லை. "மௌலவிக்குத் தவக்குல் இல்லை" என்று ஒரு பெரியவர் சொன்னதும் காதில் விழுந்தது. இந்த முடிவு பலருக்குப் பிடிக்காது. திரும்பியவன் தப்பினான், போனவன் அழிந்தான் என்று முடிந்தால்தான் பயானுக்கு அழகு. ஆனால் நடந்தது இதுதான். பத்துப் பேர் இறங்கினால் ஒன்பது பேர் கடந்துவிடுகிறார்கள். அந்த ஒன்பது பேரின் கதையைக் கேட்டுத்தான் பத்தாவது ஆள் இறங்குகிறான்.

தவக்குல் இல்லை என்று சொன்ன பெரியவருக்கு உமர் (ரலி) அவர்களின் ஷாம் பிரயாணத்தை நினைவூட்டினேன். படைத் தலைவர்களைச் சந்திக்கப் புறப்பட்ட அமீருல் முஃமினீன், 'சர்க்' என்னும் இடத்தை அடைந்தபோது, ஷாமில் கொள்ளை நோய் பரவியிருக்கும் செய்தி கிடைக்கிறது. தோழர்களிடம் கூட்டம் கூட்டமாக ஆலோசனை கேட்கிறார்கள். பிறகு திரும்புவதென்று தீர்மானிக்கிறார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டு ஓடுவதா என்று அபூ உபைதா (ரலி) கேட்டதற்கு, ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்குத்தான் போகிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) பதில் சொன்னார்கள். பின்னர் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள், நோய் பரவிய ஊருக்குள் நுழையாதீர்கள் என்ற நபிமொழியைத் தாம் கேட்டிருப்பதாக அறிவிக்க, உமர் (ரலி) அல்லாஹ்வைப் புகழ்ந்துவிட்டுத் திரும்பினார்கள். உமரைவிடத் தைரியசாலி யார்?

இப்போது, பெண்ணின் பேச்சுக்கு வருகிறேன். ஹிஜ்ரி 6, துல்கஃதா மாதம். நபி (ஸல்) அவர்கள் ஏறத்தாழ 1,400 தோழர்களுடன் இஹ்ராம் அணிந்து உம்ராவுக்குப் புறப்பட்டார்கள். ஆறு வருடங்களாகக் காணாத கஃபா! மக்காவை நெருங்கும்போது அவர்களுடைய ஒட்டகம் கஸ்வா படுத்துக்கொண்டது. எழுப்பியும் உடனே எழவில்லை. அது முரண்டு பிடிக்கிறது என்று மக்கள் சொன்னார்கள். அது அதன் சுபாவமல்ல, யானைப் படையைத் தடுத்தவனே அதையும் தடுத்திருக்கிறான் என்ற கருத்தில் நபியவர்கள் விளக்கினார்கள். ஹுதைபிய்யாவில் தங்கினார்கள். குறைஷிகள் வழியை அடைத்தார்கள். பேச்சுவார்த்தையின் முடிவில், இவ்வருடம் திரும்பிப் போய் அடுத்த வருடம் வருவது என்று உடன்படிக்கை.

தோழர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள். இன்னும் சில மணித்தியால நடைதான், போய்ச் சேர்ந்துவிடலாம். திரும்பு என்றால் எந்தக் கால் எழும்பும்? எழுந்து பலியிட்டுத் தலைமுடியைக் களையுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் மூன்று தடவை சொல்லியும் ஒருவரும் எழவில்லை. சொல்லைத் தட்டும் எண்ணமல்ல, துக்கம். நபியவர்கள் கூடாரத்துக்குள் சென்று உம்மு ஸலமா (ரலி) அவர்களிடம் இதைச் சொன்னார்கள். அந்த அம்மையாரின் ஆலோசனை இதுதான்: யாரிடமும் எதுவும் பேசாமல் வெளியே போய், உங்கள் ஒட்டகத்தை நீங்கள் அறுத்துவிட்டு, முடி களைபவரை அழைத்து உங்கள் முடியைக் களைந்துகொள்ளுங்கள். நபியவர்கள் அப்படியே செய்தார்கள். அதைக் கண்டதும் அத்தனை பேரும் எழுந்து, ஒருவர் தலையை ஒருவர் மழிக்கத் தொடங்கினார்கள். வழியில் தடைபட்டு நின்ற 1,400 பேரைத் திரும்பிப் போகச் சம்மதிக்க வைத்தது ஒரு பெண்ணின் யோசனை! அதை அல்லாஹ்வின் தூதர் கேட்டார்கள், ஏற்றார்கள்.

ஆகவே மூதூர்ச் சகோதரியே, நீங்கள் தடுத்துப் பேசியது பிழையல்ல. கடிதத்தின் இந்தப் பகுதியை உங்கள் கணவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அவரை வெட்கப்படுத்துவதற்காக அல்ல; சாப்பாட்டுக்குப் பிறகு, மனம் குளிர்ந்திருக்கும் நேரமாகப் பார்த்து.

வெள்ளத்தைப் பற்றி ஆண்களும் அறியாத சில விஷயங்கள் உண்டு. பாயும் தண்ணீர் அரையடி உயர்ந்தாலே பெரிய ஆளையும் தள்ளி விழுத்தும். ஓரடித் தண்ணீர் சிறிய காரை மிதக்க வைத்து இழுத்துக்கொண்டு போகும். இரண்டடி என்றால் வேனும் ஜீப்பும் தாங்காது. பாரமான லொறி கடந்துவிட்டது என்பது நம் வேனுக்குச் சாட்சியாகாது. தவிரவும், கலங்கிய தண்ணீருக்கு அடியில் வீதி இருக்கிறதா, அறுத்துக்கொண்டு போய்விட்டதா என்று மேலிருந்து யாருக்கும் தெரியாது.

இன்னொன்று. "மழை விட்டுவிட்டது, வானம் வெளுத்துவிட்டது, இனிப் போகலாம்" என்பார்கள். எங்கள் பகுதிக்கு இது பொருந்தவே பொருந்தாது. மகாவலி 335 கிலோ மீற்றர் ஓடி வந்து எங்கள் கொட்டியாரக் குடாவில் விழுகிறது. வெருகல் ஆறும் அதன் கிளைதான். மலைநாட்டில் பெய்த மழையும், அணைக்கட்டுகளில் திறந்துவிட்ட தண்ணீரும் இங்கே வந்து சேரப் பிந்தும். இங்கே வெயில் எறிக்கும்போதும் வெள்ளம் ஏறும். ஆகவே மாரி காலத்தில் வீட்டை விட்டு இறங்குமுன் வானத்தைப் பார்ப்பது போதாது, விசாரிக்க வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் தொலைபேசி இலக்கம் 117, பொலிஸ் 119, அம்பியுலன்ஸ் 1990. இவற்றைக் கைபேசியில் மட்டும் வைக்காமல் ஒரு துண்டில் எழுதிப் பையிலும் போடுங்கள்; கைபேசி எந்த நேரம் அணையும் என்று சொல்ல முடியாது. எதிரே வரும் பஸ் சாரதியை நிறுத்திக் கேட்டாலும் சரியான செய்தி கிடைக்கும்.

வழி மூடியிருக்கிறது என்று தெரிந்தால், நிற்கும் இடத்தைத் தெரிந்து நில்லுங்கள். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் இருட்டிய பிறகு யானைகள் வீதிக்கு வரும். அங்கே காட்டோரத்தில் வேனை நிறுத்தி, பிள்ளைகளை இறக்கி உலாத்த விடுவது மடமை. கொஞ்சம் பின்னுக்குத் திரும்பினாலும் பரவாயில்லை. பள்ளிவாசலோ, எரிபொருள் நிலையமோ, கடைத்தெருவோ உள்ள ஊரில் போய் நில்லுங்கள். டீசலையும் அங்கேயே நிரப்பிக்கொள்ளலாம்.

இனி ஆயத்தம். நான் ஆண், ஆனாலும் இதைச் சொல்லாமல் விட முடியாது. தூரப் பிரயாணம் என்றால் நம் பெண்களில் அநேகர் முதல் நாள் இரவிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். வழியில் ஒதுங்க இடமில்லை என்ற வெட்கம். ஐந்து மணித்தியாலப் பிரயாணத்தில் தொண்டை காய்ந்ததோடு போய்விடும். அது பன்னிரண்டு மணித்தியாலமானால்? தலைச்சுற்று, சிறுநீர்க் கடுப்பு, பால் கொடுக்கும் தாய்க்குப் பால் வற்றுதல், கர்ப்பிணிக்கு அதைவிடப் பெரிய ஆபத்து. வெட்கம் ஈமானில் ஒரு பகுதி. ஆனால் உடம்பை வருத்திக்கொள்வது வெட்கமல்ல. இதற்கு ஏற்பாடு செய்ய வேண்டியவர்கள் ஆண்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, கேட்காமலே, ஒதுங்க வசதியுள்ள இடத்தில் நிறுத்துங்கள். வழியோர வீடொன்றின் கதவைத் தட்டிக் கேட்டால், சிங்களவரோ தமிழரோ முஸ்லிமோ, பெண்களுக்கு இல்லை என்று சொன்ன வீட்டை நான் இன்னும் காணவில்லை. ஒரு பெரிய குடையும், பழைய சேலைத் துண்டும், ஒரு போத்தல் தண்ணீரும் வேனில் கிடக்கட்டும்.

சாப்பாட்டில், தேங்காய்ப் பூப் போட்ட பிட்டும் பால் ஊற்றிய சோறும் நண்பகலுக்குள் புளித்துவிடும். அவை காலைக்கு மட்டும். தாமதத்துக்கென்று தனியாக ஈத்தம்பழம், அவல், பிஸ்கட், சீனி. நீரிழிவுக்காரருக்கு மருந்தைக் கொண்டுபோனால் போதாது. மருந்துக்குப் பிறகு சாப்பிட ஏதாவது இருக்க வேண்டும். சாப்பாடில்லாமல் குளிசையை மட்டும் போட்டுச் சீனி இறங்கி மயங்கியவரை நான் பஸ்ஸில் கண்டிருக்கிறேன். மருந்து இரண்டு நாளைக்கு மேலதிகமாக இருக்கட்டும். பால்மாவும் அப்படியே, அதற்கு ஆறவைத்த சுடுதண்ணீர் வேறு போத்தலில்.

தொழுகைக்கு வருவோம். ஷாபிஈ மத்ஹபின்படி, ஏறத்தாழ 80 கிலோ மீற்றருக்கு மேற்பட்ட பிரயாணத்தில் நான்கு ரக்அத் தொழுகைகளை இரண்டாகச் சுருக்கலாம். ளுஹரையும் அஸரையும் ஒரு நேரத்திலும், மஃரிபையும் இஷாவையும் ஒரு நேரத்திலும் சேர்த்துத் தொழலாம். மஃரிபுக்கும் சுப்ஹுக்கும் சுருக்கம் இல்லை. வழி எப்படியிருக்கும் என்று தெரியாத நாளில் முற்படுத்திச் சேர்ப்பதே புத்தி. ளுஹருக்கு நிறுத்தும் இடத்திலேயே அஸரையும் தொழுதுவிட்டால், பிறகு எங்கே மாட்டினாலும் மஃரிப் வரை கவலையில்லை. மஃரிப் நேரம் வேனுக்குள் போய்விட்டால், அந்த நேரம் முடியுமுன் "இஷாவோடு சேர்த்துத் தொழுவேன்" என்று நிய்யத் வைத்துக்கொள்ள வேண்டும். பலர் கோட்டை விடுவது இந்த நிய்யத்தில்தான்.

மழையிலும் வெள்ளத்திலும் தண்ணீர் இல்லை என்று தயம்மும் செய்ய முடியுமா என்று சிரிப்பீர்கள். மண் கலந்து கலங்கிய தண்ணீர் வுளுவுக்கு ஆகும். மண்ணால் நிறம் மாறியதில் குற்றமில்லை. அதன் அருகே போவது ஆபத்தாயிருந்து, கையிலுள்ளது குடிக்க மட்டுமே போதுமானால், குடிக்க வைத்துக்கொண்டு தயம்மும் செய்யலாம். ஆனால் தயம்முக்குப் புழுதியுள்ள காய்ந்த மண் வேண்டும். மாரியில் எங்கே போய்த் தேடுவது? வெயில் காலத்திலேயே சுத்தமான மண்ணைச் சலித்து ஒரு சிறு பையில் கட்டி வேனில் போட்டு வைத்திருக்கிறேன். பார்த்தவர்கள் சிரிக்கிறார்கள், இரண்டு தடவை உதவியிருக்கிறது. இறங்கவே முடியாத நிலையென்றால், நேரத்தின் கண்ணியத்துக்காக இருக்கையில் இருந்தே முடிந்தபடி தொழுதுவிட்டு, ஊர் வந்ததும் மீட்டிக்கொள்ளுங்கள்.

சகோதரிக்குத் தவறிய அஸரை, இப்போது ஊரில் இருப்பதால், நான்கு ரக்அத்தாகவே களாச் செய்ய வேண்டும். மஃரிபுக்கு அன்று நிய்யத் வைத்து இஷாவோடு தொழுதிருந்தால் அது நிறைவேறிவிட்டது. இல்லையென்றால் அதையும் மூன்று ரக்அத்தாகக் களாச் செய்துவிடுங்கள்.

வீட்டில் காத்திருக்கும் சகோதரிகளிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. கலியாண வீட்டிலிருந்தும் மையித்து வீட்டிலிருந்தும் பத்து நிமிடத்துக்கொரு தடவை, "எங்க நிக்கிறீங்க? எல்லாரும் வந்துட்டாங்க, நீங்கதான் மிச்சம்" என்று அழைப்பு வருகிறது. வண்டி ஓட்டுபவரின் காலை வேகத்தில் வைத்து அழுத்துவது அந்தக் குரல்தான். பிரயாணம் ஊணையும் உறக்கத்தையும் கெடுக்கும் ஒரு வேதனை, காரியம் முடிந்தால் சீக்கிரம் குடும்பத்திடம் திரும்பிவிட வேண்டும் என்ற கருத்தில் ஹதீஸ் உண்டு. வெள்ளத்துக்குள் வண்டியை இறக்கச் சொல்லி அதில் ஒன்றுமில்லை. ஆகவே ஒரு தடவை அழைத்து, "பிந்தினா பரவாயில்ல, நாளைக்கு வாங்க" என்று சொல்லிவிடுங்கள். அந்த 2014ல் ஓட்டமாவடியிலிருந்து யாராவது எனக்கு அப்படிச் சொல்லியிருந்தால், நான் சாரதித் தம்பியிடம் வேனை இறக்கச் சொல்லியிருக்க மாட்டேன்.

மச்சானோடு இப்போது நல்ல உறவு. போன வருடம் அவருடைய மகளின் அகீகாவுக்கு அழைத்தார். மாரி முடிந்த பிறகு வைத்திருந்தார்.

வஸ்ஸலாம்.